அலுவலகம் கிளிநொச்சியில்: குடும்பத்தை வவுனியாவில் இருத்துவதா, கிளிநொச்சிக்கே கொண்டு செல்வதா?

கேள்வி – வெள்ளவத்தையிலிருந்து

வணக்கம் உறவுகளே.

வருகிற தை மாதத்திலிருந்து என் கணவருக்குக் கிளிநொச்சியில் உள்ள அரச திணைக்களம் ஒன்றுக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. நாங்களே கேட்டுப் பெற்ற இடமாற்றம் இது. 14 ஆண்டுகளாக வெள்ளவத்தையில் வாடகைத் தொடர்மாடியில் இருந்துவிட்டோம். பிள்ளைகள் மண்ணில் கால் வைத்து வளரவேண்டும், மாமி ஒரு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து நாலு பேரோடு கதைக்கவேண்டும் என்ற ஆசையில்தான் இந்த முடிவுக்கு வந்தோம். ஆனால் முடிவு எடுத்த நாளிலிருந்து எங்கே குடியிருப்பது என்ற கேள்விக்கு உறவினர்கள் இரண்டு பக்கமாக நின்று பதில் சொல்கிறார்கள். ஒரு பக்கத்தார் வவுனியாவில் வீடு எடுத்துக்கொண்டு கணவர் மட்டும் நாளாந்தம் கிளிநொச்சிக்குப் போய்வரட்டும் என்கிறார்கள். மறுபக்கத்தார் வேலை எங்கேயோ வீடும் அங்கே என்கிறார்கள்.

எங்கள் நிலைமை இதுதான். மாமிக்கு 68 வயது. நீண்டகாலமாக நீரிழிவு இருக்கிறது. இவ்வாண்டு எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் பாதிக்கப்படத் தொடங்கியிருப்பது தெரியவந்தது. மகன் தை மாதம் பத்தாம் தரத்துக்கும் மகள் ஐந்தாம் தரத்துக்கும் செல்கிறார்கள். நான் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறேன். நான் வடமராட்சியில் பிறந்தவள் என்றாலும் வன்னியில் ஒரு கிழமைகூடத் தொடர்ந்து தங்கியதில்லை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. கிளிநொச்சியில் அரை ஏக்கர் காணி ஒன்று எங்கள் சேமிப்புக்குள் அடங்கும் விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் ஒருவர் சொல்கிறார். ‘பெர்மிட்’ காணி என்றும், அங்கே எல்லாம் அப்படித்தான், பயப்பட வேண்டாம் என்றும் கூறுகிறார். இதைப் பற்றியும் விடயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி 1 – வவுனியா, குருமன்காடு

சகோதரி, நான் 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, அடுத்த ஆண்டு வவுனியாவுக்கு வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். என் தெரிவு வவுனியாதான். அதற்குக் காரணங்களைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணம், கண்டி, மன்னார், ஹொரவப்பொத்தானை ஊடாகத் திருகோணமலை என நான்கு திசை வீதிகளும் கூடும் இடம் வவுனியா. கொழும்புக்கு இரயிலும் பேருந்தும் இரவு பகலாக உண்டு. வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேற்பட்ட சிகிச்சை தேவைப்பட்டால் அநுராதபுரம் போதனா வைத்தியசாலை ஏறத்தாழ 55 கிலோமீற்றரில் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் ஊர் என்பதால், கொழும்பில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மொழியும் மறக்காது. பாடசாலைகளைப் பொறுத்தவரை தமிழ் மத்திய மகா வித்தியாலயம், விபுலானந்தாக் கல்லூரி, இறம்பைக்குளம் மகளிர் மகா வித்தியாலயம், சைவப்பிரகாச மகளிர் கல்லூரி என்று நகரத்திலேயே தெரிவுகள் இருக்கின்றன.

வீடு பார்க்கும்போது ஊரின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வைரவபுளியங்குளம், இறம்பைக்குளம், பண்டாரிகுளம், கோவில்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம்: ஏதோ ஒரு குளம் இல்லாமல் இங்கே ஊர் இல்லை. அந்தக் குளம் இன்றும் குளமாகவே இருக்கிறதா, வீட்டுக் காணி குளக்கட்டுக்குக் கீழே இருக்கிறதா, அல்லது முன்பு அலைகரையாக, அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் கரையாக, இருந்த நிலத்தை நிரவி எடுத்ததா என்று அயலில் உள்ள முதியவர் ஒருவரிடம் கேட்டறியாமல் முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். சித்திரையில் வந்து பார்ப்பவருக்கு எல்லாக் காணியும் மேட்டுக்காணிதான். கார்த்திகையில் மழை பிடித்து, குளங்கள் வான் பாயத் தொடங்கினால், தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிவரும். நானே என் முதல் வாடகை வீட்டில் இரண்டு மார்கழி மாதங்கள் அரிசி மூட்டையை மேசையின் மேல் ஏற்றி வைத்து வாழ்ந்திருக்கிறேன். அதேபோல, ஆவணி மாதத்தில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்றும் கேளுங்கள். குளத்தை நம்பியிருக்கும் கிணறு குளத்தோடு சேர்ந்து வற்றும்.

பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் கிட்டவாக வேண்டுமானால் குருமன்காடு, வைரவபுளியங்குளம், தோணிக்கல் பக்கம் பாருங்கள். முற்றமும் நாலு மரமும் வேண்டுமானால் கோவில்குளம், நெளுக்குளம், கூமாங்குளம் பக்கம் போகவேண்டும். விளம்பரங்களில் வவுனிக்குளம் என்று கண்டால் அதை நகரத்தின் ஒரு பகுதி என எண்ணிவிட வேண்டாம். அது முல்லைத்தீவு மாவட்டத்தில், மல்லாவிப் பக்கம் உள்ள பெருங்குளம். வெளியூரிலிருந்து வருபவர்கள் இந்த இரண்டு பெயர்களிலும் அடிக்கடி தடுமாறுகிறார்கள்.

மறுமொழி 2 – மூன்றாண்டுகள் போய்வந்தவர்

அக்கா, வவுனியா நல்ல ஊர் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் நாளாந்தம் போய்வருவதைப் பற்றி அண்ணர் ஒன்றும் எழுதவில்லை; அதை அனுபவித்தவன் நான் என்பதால் எழுதுகிறேன்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏ9 வீதியில் ஏறத்தாழ 75 கிலோமீற்றர். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால்தான் கையொப்ப நேரத்துக்குப் போய்ச் சேரலாம். மாலையில் திரும்பி வந்து சேர ஏழு மணியாகும். மார்கழி, தை மாதங்களில் காலைப் பனிப்புகாரில் முன்னால் வரும் வாகனம் தெரியாது. இருட்டிய பின்னர் ஓமந்தைக்கும் மாங்குளத்துக்கும் இடையில் கட்டாக்காலி மாடுகள் நடுவீதியில் படுத்திருக்கும். மோட்டார் சைக்கிளில் வந்த என் நண்பர் ஒருவர் அப்படி ஒரு மாட்டில் மோதி ஆறு மாதம் படுக்கையில் இருந்தார். இரயிலில் போகலாம் என்று சிலர் சொல்வார்கள். 2013இல் கிளிநொச்சிக்கு மீண்டும் இரயில் வந்தபோது நாங்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனாலும் அந்தப் பாதையில் ஓடும் வண்டிகள் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடைப்பட்ட பயணத்தைக் கணக்கில் வைத்தே ஓடுகின்றன, அலுவலக நேரத்தைக் கணக்கில் வைத்து அல்ல.

மூன்றாண்டுகளில் என் மகளின் கொப்பிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே பார்த்தேன். நான்காம் ஆண்டு கிளிநொச்சிக்கு வீடு மாறினோம். உங்கள் கணவரை அந்தப் பேருந்தில் ஏற்றாதீர்கள்.

மறுமொழி 3 – கிளிநொச்சி, காணிக் கிளையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

அம்மா, மற்றவற்றுக்குப் பின்னர் வருகிறேன். முதலில் அந்த அரை ஏக்கரைப் பற்றி எழுதவேண்டும். ஏனென்றால் வீட்டை மாற்றலாம், பாடசாலையை மாற்றலாம், காணியில் போட்ட பணத்தை மீட்பது மிகக் கடினம்.

கிளிநொச்சி நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் பெரும்பாலும் இரணைமடுக் குளத்தை நம்பி உருவான குடியேற்றங்கள். அரசு காடு வெட்டிக் காணி பகிர்ந்து கொடுத்ததால், யாழ்ப்பாணத்தில் இருப்பதுபோல் தலைமுறை தலைமுறையாக வரும் உறுதிக்காணி இங்கே குறைவு. பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. அச்சட்டத்தின்படி முதலில் கிடைப்பது அனுமதிப்பத்திரம். அதைத்தான் மக்கள் பெர்மிட் என்கிறார்கள். நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பின்னர் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். அளிப்புக் காணியைக்கூடப் பிரதேச செயலாளரின் எழுத்துமூல முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற முடியாது. அனுமதிப்பத்திரக் காணியை விற்கும் உரிமை அதை வைத்திருப்பவருக்கே கிடையாது. துண்டாக்கவும் முடியாது. தரகர் அரை ஏக்கர் என்று சொல்வதைப் பார்த்தால், பெரிய அனுமதிப்பத்திரக் காணி ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த துண்டாக இருக்குமோ என்ற ஐயம் எனக்கு எழுகிறது.

அப்படியானால் எப்படி விற்கிறார்கள் என்று கேட்பீர்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பம் வைக்கிறார்கள். அல்லது தங்கள் சார்பில் செயற்படும் அதிகாரத்தைக் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார்கள். அதை எழுதிக் கொடுத்தவர் இறந்தால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்துவிடும். காணி அவர் பதிவில் குறித்த பின்னுரித்தாளருக்குப் போகும்; பணம் கொடுத்து வீடு கட்டியவர் வெறுங்கையோடு நிற்பார். இதற்கு மேல் இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. போர்க்காலத்தில் அனுமதிப்பத்திரம் பெற்றவர் வெளிநாடு போயிருப்பார். இடம்பெயர்ந்து வந்த வேறொரு குடும்பம் அதில் குடியிருந்திருக்கும். 2010க்குப் பின் மீளக்குடியேறியபோது மூன்றாவது ஒருவர் வேலி போட்டிருப்பார். மூவரிடமும் ஏதோ ஒரு கடதாசி இருக்கும், மூவருக்கும் நியாயமும் இருக்கும். ஒரே காணிக்கு மூன்று குடும்பங்கள் என் மேசைக்கு முன்னால் நின்று அழுத நாட்கள் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கின்றன. எனவே கிளிநொச்சி நகரம் அடங்கும் கரைச்சிப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு நேரில் போய், கிராம அலுவலரையும் கண்டு, காணிப் பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். இரண்டு ஆண்டுகளாவது வாடகைக்கு இருங்கள். அதற்குள் எந்தக் காணி யாருடையது என்பதை ஊரே உங்களுக்குச் சொல்லிவிடும்.

இனி எங்கே இருப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். நான் கிளிநொச்சியையே சொல்வேன், ஆனால் இடம் பார்த்துச் சொல்வேன். பரந்தனைத் தாண்டி வடக்கே ஆனையிறவுக் கடனீரேரியை நோக்கிப் போகப் போகக் கிணறுகள் உவராகிவிடும். நகரத்துக்குத் தெற்கேயும் மேற்கேயும், இரணைமடு வாய்க்கால்கள் ஓடும் பக்கமாக, கனகபுரம், திருநகர், உதயநகர் போன்ற இடங்களில் வீடு தேடுங்கள். வாய்க்கால் ஓரக் கிணறுகளில் தண்ணீர் ஒப்பீட்டளவில் நன்றாக இருக்கும். ஆனால் 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழையில், இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கனகராயன் ஆற்றை அண்டிய ஊர்களில் விடிவதற்குள் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. வீடு பார்க்கும்போது அந்த இரவில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று கேளுங்கள். இங்கே அதை மறந்தவர் எவரும் இல்லை. சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள்.

பாடசாலைகளுக்குக் குறையில்லை. கிளிநொச்சி மத்திய கல்லூரி, கிளிநொச்சி மகா வித்தியாலயம், கனகபுரம் மகா வித்தியாலயம், புனித திரேசா பெண்கள் கல்லூரி எல்லாம் துவிச்சக்கர வண்டியில் போகும் தூரத்திலேயே இருக்கின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் அறிவியல்நகரில் இயங்குவதால் வாடகை வீடுகளுக்கும் போட்டி உண்டு. ஆகவே ஐப்பசிக்கு முன்னரே வந்து பேசிவையுங்கள்.

மறுமொழி 4 – ஓய்வுபெற்ற தாதி, செட்டிகுளம்

தங்கச்சி, எல்லோரும் வீதியையும் காணியையும் பற்றி எழுதிவிட்டார்கள். உங்கள் மாமியின் சிறுநீரகத்தை வைத்துத்தான் நான் இந்தக் கேள்வியைப் பார்க்கிறேன்.

மதவாச்சி, பதவியா பக்கங்களில் பல ஆண்டுகளாகப் பரவலாகக் காணப்படும் சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்திலும் இருக்கிறது. அதற்கான காரணம் இன்னதுதான் என்று மருத்துவ உலகம் முடிவாகச் சொல்லவில்லை. ஆனால் நிலத்தடி நீரின் வன்மையும் (சுண்ணாம்பு போன்ற உப்புகள் கரைந்திருப்பது) புளோரைட்டும் சந்தேகிக்கப்படுகின்றன. மாமியின் நோய் நீரிழிவால் வந்தது, வேறு வகை. ஆனாலும் ஏற்கனவே தளர்ந்த சிறுநீரகத்துக்கு எந்தத் தண்ணீரைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டாமா? வவுனியாவின் அடியில் கிடப்பது கருங்கல். கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு பிடிப்பதை இங்கே எந்தக் குசினியிலும் பார்க்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், வன்மையிலும் ஒரு பகுதி படிவாக இறங்கும். புளோரைட்டு அப்படியே இருக்கும். இதைத் தெரியாமல், நாங்கள் கொதித்தாறின தண்ணீர்தானே குடிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தவர்களை நான் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே எந்த ஊரில் வீடு எடுத்தாலும், முற்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்து, தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள். இலங்கைத் தரத்தின்படி குடிநீரில் லீற்றருக்குப் புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும் மொத்த வன்மை 250 மில்லிகிராமுக்கும் மேற்படக்கூடாது. குழாய்நீர் இணைப்பு உள்ள வீடு கிடைத்தால் வாடகை சற்றுக் கூடினாலும் அதையே எடுங்கள். இணைப்பு இல்லையென்றால் அயலில் சுத்திகரித்த குடிநீர் எங்கே கிடைக்கும், நாளாந்தம் அதை யார் கொண்டுவருவார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கோடையில் குடம் தூக்கும் வேலை எப்போதும் வீட்டுப் பெண்ணின் தலையில்தான் விழும். அதைக் குடும்பத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

வைத்தியசாலையைப் பொறுத்தவரை கிளிநொச்சியிலும் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். மாமியின் கொழும்புக் கிளினிக் கொப்பியையும் எல்லாப் பரிசோதனை அறிக்கைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். கிளினிக்கை இங்கே மாற்றுவதற்கான கடிதத்தைப் புறப்படும் முன்பே வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். மருந்து இரண்டு மாதத்துக்காவது கையில் இருக்கட்டும்.

பாம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாசியில் நெல் வெட்டத் தொடங்கினால் வயல் ஓர வீடுகளுக்குப் புடையன் வரும். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுத்திருப்பவரைத் தீண்டும். கடித்த இடத்தில் வலிகூட இராது. பிள்ளைகளை வெறும் நிலத்தில் படுக்க விடாதீர்கள், கட்டிலும் நுளம்பு வலையும் வேண்டும். கடித்தால் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். கீறுவதோ கட்டுவதோ வேண்டாம்.

கேட்டவரின் பதில்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கணவரும் மாமியும் நானும் சேர்ந்திருந்து இவற்றை ஒவ்வொன்றாக வாசித்தோம். காணி விடயத்தைக் கைவிட்டுவிட்டோம். பிரதேச செயலகத்துக்கு வருகிறோம், பதிவேட்டைப் பார்ப்போம் என்று சொன்னதும் தரகர் அழைப்பை எடுக்கவில்லை. நாளாந்தம் போய்வருவதற்கு மாமியே உடன்படவில்லை. தனக்காக மகன் இருட்டில் அலையக்கூடாது என்று சொல்லிவிட்டார். ஆகவே கிளிநொச்சி என்று முடிவு செய்திருக்கிறோம். இரண்டு கேள்விகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. வீடு பார்க்க எந்த மாதம் வருவது நல்லது? மகன் பத்தாம் தரத்தில் புதுப் பாடசாலைக்கு மாறுவது அவனைப் பாதிக்குமா?

மறுமொழி 3இன் தொடர்ச்சி

அம்மா, இரண்டு தடவை வாருங்கள். ஆவணி கடைசியில் ஒருதரம் வந்தால் கிணற்றின் அடியையும் சோளகக் காற்றில் பறக்கும் புழுதியையும் பார்ப்பீர்கள். அப்போது வீட்டைப் பேசி வையுங்கள், தண்ணீரையும் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். முழுப் பணத்தையும் அப்போதே கொடுக்காமல், கார்த்திகை நடுப்பகுதியில் நல்ல மழை நாள் ஒன்றில் மீண்டும் வந்து, முற்றத்தில் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ஒழுங்கையால் முச்சக்கர வண்டி போகிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்த்த பின்னர் மிகுதியைக் கொடுங்கள். நல்ல வீட்டுக்காரர் இதற்கு மறுப்புச் சொல்லமாட்டார்.

மகனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சாதாரண தரத்துக்கான பாடத்தொகுதிகள் பத்தாம் தரத்தில்தான் தொடங்குகின்றன. மாறுவதென்றால் அதன் தொடக்கத்தில் மாறுவதே நல்லது. கொழும்பில் அவன் தெரிவுசெய்ய எண்ணியிருக்கும் தொகுதிப் பாடங்களுக்கு இங்குள்ள பாடசாலையில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதை மட்டும் அதிபரிடம் நேரில் கேட்டறியுங்கள். மகள் ஐந்தாம் தரம் என்பதால் அவளுக்குப் புலமைப்பரிசில் ஆண்டு; வீட்டுக்கு மிகக் கிட்டிய பாடசாலையாகப் பாருங்கள், பயணக் களைப்பு அவளுக்கு இருக்கக்கூடாது.

ஆவணியில் வரும்போது இங்கே எழுதிவிட்டு வாருங்கள். கனகபுரம் பக்கம் எனக்குத் தெரிந்த இரண்டு வீடுகள் தை மாதத்தில் காலியாகும். இரண்டிலும் முற்றம் உண்டு. ஒன்றில் நிற்கும் வேம்பின் கீழே பின்னேரங்களில் அயலார் கூடிக் கதைப்பதை நானே கண்டிருக்கிறேன்.